ரஹீம் பாயின் பேண்டும் எங்கள் காவடிச் சிந்தும்

ரஹீம் பாய் போய்விட்டார். காலையில் உத்திரமேரூரிலிருந்து போன்... மனசு இன்னும் ஒப்பவில்லை.

பஜாரில் பாத்திரக் கடை. முகூர்த்த நாளென்றால் கிளாரினெட்டோடு கிளம்பிவிடுவார். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் பேண்டு செட்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் பரதம் சொல்லிக்கொடுத்த சின்னப் பெண்களுக்குத் திருப்புலிவனம் கோயில் திருவிழாவில் முதல் மேடை. காவடிச் சிந்து ஆட வேண்டும்... பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அழாத குறையாகப் பாய் கடைக்குப் போய் நின்றேன். "இன்னா டீச்சர், இதுக்கா பேஜார் ஆவுறீங்க? பாடிக் காட்டுங்க."

குடங்களுக்கு நடுவே நின்று பாடினேன். பாய் ஒரு அண்டாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

மறுநாள் ரிகர்சல். அடிகள் நீளம், ஒரே கிளாரினெட்டால் முடியாது. இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். "அவன் மூச்சு வாங்குற எடத்துல நான் புடிச்சிக்கிறேன். பாட்டு அறுந்துடக்கூடாது."

மிருதங்கச் சொல்லை சைடு டிரம்முக்கு மாற்றினார், குச்சி இல்லாமல் விரலால். டிரம்பெட்டுக்கு, பெண்கள் காவடியோடு சுழலும் ஒரே இடம்தான்.

"மீதி நேரம் நாங்க இன்னா பண்றது பாய்?" என்றார்கள் டிரம்பெட்காரர்கள்.

"கொயந்தைங்க காலப் பாத்துக்கினு இருங்க."

ஒரு பெண்ணின் அப்பா, பாய் காதுபடவே, "கல்யாண பேண்டுக்கெல்லாம் எம் பொண்ணு ஆடாது டீச்சர்" என்றார். எனக்கு உடம்பே கூசிவிட்டது.

பாய் கோபப்படவில்லை. "ஒரு தபா கேட்டுட்டு சொல்லுங்க சார்." வாசித்தார்கள். அந்த அப்பா பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

திருவிழா அன்று, கூட்டத்தைப் பார்த்து அந்தப் பெண்தான் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள்.

பாய் பேண்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதே அடி மறுபடியும்... மறுபடியும். அவள் காலெடுத்து வைக்கும்வரை மொத்தப் பேண்டும் அங்கேயே சுற்றியது. பாட்டே அப்படித்தான் என்று கூட்டம் நினைத்திருக்கும்.

கேசட் போட்டிருந்தால் அவளை விட்டுவிட்டுப் போயிருக்கும்.

முடிந்ததும் ஓடிப்போய்க் கும்பிட்டேன். "அட, இன்னாம்மா நீங்க... கொயந்தைங்க எதுனா துண்ணுச்சா? மொதல்ல அத்தப் பாருங்க" என்றார். அவர் உதடு வீங்கியிருந்தது.

அதற்கப்புறம் என் பிள்ளைகள் மேடையேறிய எல்லாத் திருவிழாவிலும் பாய்தான். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை.

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். நான் ஏறிய பஸ் வாலாஜாபாத் தாண்டிவிட்டது.

ரொம்ப நன்றி பாய்... வந்துகொண்டே இருக்கிறேன்.