விண்வெளிக்கு விண்ணப்பித்த சண்முகவடிவு

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சண்முகவடிவுக்கு விண்வெளிப் பைத்தியம் பிடித்தது 1984இல். அப்போது அவளுக்கு வயது பதினான்கு. இந்தியாக்காரர் ஒருவர் வானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அலியார் நானாவின் கடை ரேடியோ சொன்னது. வாங்க வந்த மண்ணெண்ணெயை மறந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அடி வாங்கினாள். அவள் குடும்பம் இலங்கையைச் சேர்ந்ததா இந்தியாவைச் சேர்ந்ததா என்று இரண்டு அரசாங்கங்களும் யோசித்து முடிக்காத காலம் அது. பூமியை விட்டே போய்விடலாம் என்று ஒரு பிள்ளை நினைத்ததில் பெரிய தப்பில்லை.

2001இல் ஒரு பணக்காரர் காசு கொடுத்து விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த செய்தியைப் பேப்பரில் படித்தாள். வியாதி முற்றியது அன்றுதான்.

"என்னங்க, படிச்சவங்கதான் போகலாம்னு நெனச்சேன். இது வெறும் டிக்கட் விஷயமாம்" என்றாள் புருஷன் வீரய்யாவிடம்.

"நுவரெலியாவுக்கே பஸ் ஒழுங்கா இல்ல. நீ மேல போறியா?" என்றான் அவன்.

இப்போதிலிருந்து இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வெளிநாட்டுக் கம்பனி 'உலகின் சாதாரண மனிதர்' ஒருவரை இலவசமாக விண்வெளிக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தது. என்ன ஒரு தாராள மனசு! மற்ற ஆசனங்களின் விலைக்குத் தோட்டத்தை மேனேஜர் துரையோடு சேர்த்து விற்றாலும் காணாது. ஹட்டனில் போன் கடையில் வேலை செய்யும் மகள் பிரேமினி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். வீட்டு இலக்கமும் வீதியும் கேட்டிருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் அத்தனைக்கும் ஒரே விலாசம்தான், தோட்டத்தின் பெயர். அதையே எழுதினார்கள்.

முதல் சுற்றில் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. பாதி உலகத்தை ஐந்து நாளில் கடந்த அந்தக் கடிதம், தோட்ட ஆபீசிலிருந்து லயத்துக்கு இறங்க மூன்று வாரம் எடுத்தது.

"கிளாக்கர் ஐயா, ராக்கெட்டே ஒம்பது நிமிஷத்துல மேல போயிருதுங்க" என்றாள் வடிவு.

"அது வானம். இது ஆபீஸ்" என்றார் கிளாக்கர்.

அடுத்தது பாஸ்போர்ட் ஆபீஸ். மலையகத்துப் பெண் வெளிநாடு போனால் வீட்டுவேலைக்குத்தான் என்பது அங்கிருந்த அதிகாரியின் அசையாத நம்பிக்கை. "குவைத்தா, சவூதியா?" என்று சிங்களத்தில் கேட்டார். வானத்துக்கு என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "ஏஜன்சிக்காரன் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்" என்று மனமிரங்கிவிட்டு, கைரேகை எடுத்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் மூன்றாம் தடவைதான் ரேகை பதிந்தது.

கடைசிச் சுற்று, வீடியோவில் நேர்காணல். கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை மலையில் நின்று பேச வேண்டும் என்பது கம்பனியின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிரேமினி போனைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள்.

"இவ்வளவு காலம் பாரம் சுமந்த நீங்கள், எடையில்லாமல் மிதக்கும்போது அழுவீர்களா?"

"அழுதா கண்ணீர் கீழ விழாதுங்களே, மூஞ்சியிலேயே உருண்டையா ஒட்டிக்கிட்டு நிக்கும். எதுக்குங்க அந்தத் தொல்ல? நான் ஒண்ணு கேக்குறேன். எறங்கி வர்ற நேரம் சூட்டுல கவசம் பிஞ்சுட்டா என்ன செய்வீங்க?"

தமிழ் சொன்னவர் இருமினார். வெள்ளைக்காரப் பெண் சிரித்தபடியே நன்றி சொன்னாள்.

இரண்டு வாரத்தில் சாதாரண மனிதரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இணையத்தில் சில கோடிப் பேர் பின்தொடரும் ஒருவர். மிகவும் சாதாரணமானவர்தான், சொந்தத்தில் இரண்டே இரண்டு உல்லாசப் படகுகள். வடிவுக்கு ஒரு தொப்பி வந்தது. இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்த மேற்பார்வைக்காரர் கண்டாக்கு கேட்டார்:

"என்ன வடிவு, சந்திரன்ல பேர் போடலயா?"

"அங்கயும் கொழுந்து கொறஞ்சா அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளந்தானாம்ங்க. அதான் வேணாம்னுட்டேன்."

மலையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டை என்ன செய்வது? பக்கத்து லயத்து வேலாயி தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் ஒன்று ஏற்பாடு செய்தபோது, வடிவும் வீரய்யாவும் சேர்ந்துகொண்டார்கள். சென்னையில் எல்லாரும் புடவைக் கடைக்குப் போன நாளில், அவள் புருஷனை இழுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏரிக்கு அந்தப் பக்கம் அன்று ராக்கெட் விடுகிறார்கள் என்பதை ஊரிலேயே விசாரித்து வைத்திருந்தாள்.

முதலில் வெளிச்சம் மட்டும் எழும்பியது. அது மேகத்துக்குள் நுழைந்து மறைந்த பிறகுதான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் வீரய்யா அவள் கையைப் பிடித்திருந்தான். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் இது முதல் தடவை. சத்தத்துக்குப் பயந்து பிடித்ததாகப் பிறகு சொன்னான்.

வேலாயிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"பொகையப் பாக்கவாடி இந்தியா வந்த?"

"ஆமாக்கா. பொடவ கந்தப்பளையிலயும் இருக்கே" என்றாள் சண்முகவடிவு.