அக்கா மறைத்த ரிப்போர்ட்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அவளுக்குக் கண்டக்டர்கள் வைத்த பட்டப்பெயர் கழுகு. பன்னிரண்டு வருஷம் பொய் சொல்லும் முகங்களையே பார்த்தவள். வீட்டுக்காரர் சீக்கிரம் வந்தால்கூட, “என்ன விஷயம்?” என்றுதான் கேட்பாள்.

மார்பில் புற்றுநோய் வந்து பிழைத்த அக்கா, ஒருநாள் அவளை விடாப்பிடியாக ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். அம்மாவைக் கொண்டுபோனது சினைப்பைப் புற்றுநோய். முடிவைப் பார்த்த டாக்டரம்மா, “அம்மா வழியா வந்த மரபணுக் கோளாறு உங்களுக்கும் இருக்கு. நாற்பது வயசுக்குள்ள சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துடறது நல்லது” என்றார்.

“இப்போ எனக்கு என்ன நோய்?”

“ஒண்ணும் இல்ல.”

“நோயே இல்லாத உடம்புல கத்தி வைக்கணுமா? நல்லா இருக்கே கதை!”

யாருக்கும் தெரியாமல் ஊரின் மறுகோடியில் வேறொரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தாள். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் மரபணு ரிப்போர்ட்டையும் கேட்டார்கள்.

“எங்கேயோ வெச்சேன்” என்று அக்கா மழுப்பினாள். மழுப்பல் கழுகுக்குத் தெரியாதா? நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் பீரோத் துணிகளுக்கு அடியிலிருந்து உறை வந்தது. எதைக் கையில் வாங்கினாலும் அவள் கண் முதலில் தேதிக்குத்தான் போகும்.

“மூணு வருஷமா தெரிஞ்சே மறைச்சியா?”

“அப்போ நீ மாசமா இருந்தேடி. ரெண்டு தடவை கலைஞ்சு தங்கின புள்ள. எந்த வாயால சொல்றது? அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு நாள் ஓடிடுச்சு.”

பத்து நாள் அக்காவின் போனை அவள் எடுக்கவில்லை. இரண்டாவது ரிப்போர்ட்டும் முதலாவதைப் போலவே வந்தது. அன்று அவளே கூப்பிட்டாள். “ஆபரேஷனுக்குக் கூட இருப்பியா?”

வயிற்றில் மூன்று சின்னத் துளைகள். மறுநாளே வீடு. எடுத்ததைச் சோதித்ததில் புற்றுநோயின் சுவடே இல்லை.

“அப்போ வீணா எடுத்தீங்களா?” என்று டாக்டரம்மாவையே மடக்கினாள்.

“சுவடு தெரியறதுக்கு முன்னாடி எடுக்கத்தானேம்மா இவ்வளவு பாடு!”

மாதவிடாய் அதோடு நின்றது. ஓடும் பஸ்ஸில் திடீரென்று உடம்பு கொதிக்கும், சட்டை நனைந்துவிடும். அக்காவை முழுசாக மன்னித்தாளா என்றால், இல்லை. ஆனாலும் மார்புப் பரிசோதனைக்கு வருஷாவருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

பெரியம்மா மகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். அக்கா தயங்கினாள், இவள் தயங்கவில்லை, அன்றைக்கே போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பெரியம்மா மகள் சந்தேகமாக இழுத்தாள்.

“ஏன்டி, ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறியா?”

“ஆமா. எப்போ வர்றே?”