எஸ்தர் கருக்காத ஸ்வெட்டர்

அந்த ஸ்வெட்டரைக் கருக்கியது நான்தான். எஸ்தர் இல்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. பழியை அவள் மேல் போட்டேன். அதைவிடக் கேவலம்... அவள் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ளவும் வைத்தேன்!

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்; என்னைத் தெரியாதவர் நீங்கள் என்கிற தைரியத்தில்.

கொடைக்கானல் பஜாருக்குப் பின்னால், கடைகளுக்கு மேலே மாடியில், ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. கீழே ரொட்டி வேகும் வாசனை, வேன் டிரைவர்களின் கூச்சல். மேலே எங்கள் பிள்ளைகளின் கூச்சல். நான் அங்கே ஆயா. பக்கத்து மலைக்கிராமமான அடுக்கத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, மூக்குச் சிந்திவிடுவது என் வேலை. பூட்டிய கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற சுபாவம் எனக்கு. அப்போதும் அப்படித்தான்... இப்போதும்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. அதில் வர வேண்டிய ஒன்றாம் வகுப்பு டீச்சரும் வரவில்லை. தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“செல்வி, ஒண்ணாப்ப இன்னைக்கு நீ பாத்துக்க. ஒழுங்கா சமாளிச்சுட்டேன்னா அடுத்த மாசத்துல இருந்து உன்னைய கிளாஸுக்கே போட்டுருவேன்.”

“நானா டீச்சர்? நான் எட்டாப்புத்தான...”

“அதுக ஒண்ணாப்புத்தான! போ, வெரசாப் போ.”

முப்பத்தொரு பிள்ளைகள். நான் நுழைந்ததுமே ஒருவன் பெஞ்சில் ஏறி நின்றான். “ஏலே, ஆயாம்மா டீச்சராம்லே!” அவ்வளவுதான்... ஒன்று அழுதது, ஒன்று கடித்தது. ஒருத்தி பாத்ரூம் போகணும் என்றதும் பதினைந்து பேருக்கு வந்துவிட்டது! எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பற்கள் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சளி பிடித்தால்? காய்ச்சல் வந்தால்? என் பொறுப்பல்லவா!

மழை நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் செய்வதைச் செய்தேன். கரி கனியும் கணப்புச் சட்டியை வகுப்பின் மூலையில் வைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் ஸ்வெட்டர்களை இரண்டிரண்டாகப் போட்டேன். சும்மா போட்டுவிட்டால் ஆகாது. பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் அம்மா அதைச் சொல்லித்தான் வளர்த்தாள்.

எஸ்தர் அடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒல்லிப் பிள்ளை, விரல் நுனியெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. தன் சாக்ஸைக் கூடை ஓரத்தில் வைத்தாள். இரண்டு தடவை விரட்டினேன். “சூடு நல்லாருக்கு ஆயாம்மா” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பிறகு அந்த அதிசயம் நடந்தது...

கரும்பலகையில் எழுத எனக்குப் பயம். பிழையாக எழுதி, பெரிய டீச்சர் வந்து பார்த்துவிட்டால்? ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. விரலால் ஒரு ‘அ’ போட்டேன். தப்பென்றால் கையால் துடைத்துவிடலாமே! “நானும்... நானும்...” என்று ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு சதுரம் கொடுத்தேன். எழுதினார்கள், வாயால் ஊதி ஊதி ஆவி பிடித்து மறுபடி எழுதினார்கள். சத்தமே இல்லை! ஒரு பெண் என் சேலையை இழுத்து, “டீச்சர், என் ‘ஆ’வுக்குச் சுழி சரியா இருக்கா?” என்றாள்.

டீச்சர்! அந்த ஒரு சொல்லை எவ்வளவு நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? என் வாழ்நாளில் அதைப்போல ஒரு காலை இல்லை. இன்றும் ஏங்குகிறேன்... வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் காலைக்காக ஏங்குகிறேன்.

நாற்றம் வந்த பிறகுதான் திரும்பினேன்.

திவ்யாவின் புத்தம் புதுச் சிவப்பு ஸ்வெட்டர். கடையில் வாங்கியது; கம்பளி இல்லை, நைலான். முதுகில் ஒரு கை நுழையும் அளவுக்கு உருகிக் கருகியிருந்தது. திருப்ப மறந்திருந்தேன். நான்!

நாற்றத்துக்குப் பெரிய டீச்சரும் வந்துவிட்டார். “யாரு பாத்த வேல இது?”

அடுத்த மாதம்... கிளாஸ்... டீச்சர்... எல்லாம் போயிற்றே! என் வாய் சொன்னது: “டீச்சர், எஸ்தர்தான் அடுப்புக்கிட்டயே சுத்திக்கிட்டுக் கெடந்தா.”

பொய்யா? ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த விஷம்.

“நான் இல்ல...” என்றாள் எஸ்தர்.

நான் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். கன்னத்தைத் தடவினேன். எவ்வளவு கனிவாகப் பேசினேன் தெரியுமா! “சாக்ஸ் வச்சேல்ல கண்ணு? அப்ப ஸ்வெட்டர் சூட்டுப் பக்கம் நகந்துருச்சு. தெரியாமத்தான செஞ்ச? ஒத்துக்கிட்டா டீச்சர் அடிக்க மாட்டாங்க.”

அவள் கூடையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். யோசித்து, மெதுவாகத் தலையை ஆட்டினாள். “ஆமா டீச்சர்... நான்தான்.”

பயத்தில் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள்!

சாயந்தரம் இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். எஸ்தரின் அம்மா விடுதிகளில் அறை பெருக்குபவர். விஷயம் கேட்டதும் மகள் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார். “இத வச்சுக்கங்கம்மா, வேற வழி தெரியல.”

திவ்யாவின் அம்மா விரலால்கூடத் தொடவில்லை. “அந்தப் பழசு எங்களுக்கு எதுக்கு? பிள்ளைய ஒழுங்கா வளங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு.

அந்தக் குளிர்காலம் முழுக்க எஸ்தர் கணப்புப் பக்கம் வரவில்லை. “வா, கைய காட்டு” என்று நானே கூப்பிடுவேன். சுவரோரமாகவே நிற்பாள். அடுத்த மாதம் நான் டீச்சரானேன். பள்ளிக்கூடத்தை மூடும்வரை, பன்னிரண்டு வருடம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து ஒரு குரல். “டீச்சர்! என்னத் தெரியுதா? எஸ்தர்!”

கையில் ஐந்து வயது மகள். “இவங்கதான் அம்மாவோட டீச்சர், குட்மார்னிங் சொல்லு” என்றாள். பிறகு சிரித்தாள், அதே சிரிப்பு. “சின்னதுல ஒருத்தி ஸ்வெட்டரக் கருக்கிட்டேனே, ஞாபகம் இருக்கா டீச்சர்? இவ எதாவது ஒடச்சுட்டு மறைச்சான்னா அந்தக் கதையத்தான் சொல்லுவேன். தப்புப் பண்ணா ஒத்துக்கணும், எங்க டீச்சர் எனக்கு எப்படி எடுத்துச் சொன்னாங்க தெரியுமான்னு.”

அந்தக் குழந்தை என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது சொல்லிவிடலாம்... இப்போது... வாயைத் திறந்தேன்.

என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா?

“சின்னப்பிள்ளதான நீ... அதப் போயி மனசுல வச்சுக்கிட்டு. விடு தாயி.”

அவள் கண் கலங்கிவிட்டது. “இல்ல டீச்சர், நீங்க இப்படிச் சொன்னதே போதும்” என்றாள்.

மன்னித்தேன்! அவளை, நான்!

நாயுடுபுரத்தில் வீடாம். கட்டாயம் வரணும் என்று வழி சொன்னாள். நான் விரிப்பு மடிக்கப் போகிற விடுதிக்குப் பின் தெருதான். தினமும் அந்தத் திருப்பம் வரை நடக்கிறேன்... நின்றுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன்.