அரியமங்கலத்திலிருந்து ஸ்ரீரங்கம்: பேட்டரி வண்டியில் நின்றபடி ஒரு பயணம்

போன மாதம் என் மகள் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்பா, ஸ்ரீரங்கம் போயிட்டு வர சார்ஜ் தாங்குமா?" பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் கோட்டை விட்டவன் நான். என்னிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் அனுபவம் உண்டு. 1983-ல் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை இதே வழியில், பேட்டரி வண்டியில், நான் போயிருக்கிறேன். "அப்படின்னா எழுதுங்க, நாலு பேருக்குப் பயன்படும்" என்றாள். பயன்படுமா என்று படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றி. எழுபதுகளில் திருச்சியைச் சுற்றிப் பெரிய தொழிற்சாலைகள் வளர்ந்தபோது, அவற்றுக்கு உதிரி வேலை செய்ய எங்களைப் போன்றவர்களின் தகரக் கொட்டகைகளும் முளைத்தன. பெரிய இடங்களில் சாமான் ஏற்றிப் போக வெளிநாட்டு பேட்டரி வண்டிகள் இருந்தன. தட்டையான ஒரு பலகை, கீழே நாலு சக்கரம், முன்னால் நின்றுகொண்டே ஓட்ட ஓர் இடம், அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் இழுக்கும் வண்டியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அது கெட்டுப்போனால் உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும். வரும்வரை எங்களை மாதிரி ஆட்களைக் கூப்பிட்டு ஒப்பேற்றச் சொல்வார்கள். பழுது பார்க்கிறவனுக்கு ஒருநாள் ஆசை வந்துவிடும்: நாமே ஏன் புதிதாகச் செய்யக் கூடாது? பெட்ரோல் விலை ஏற ஏற அந்த ஆசையும் ஏறியது.

எங்கள் கொட்டகையில் ஆசைப்பட்டது நான். வேலை தெரிந்தது சகாயம் மச்சானுக்கு. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன். பொன்மலை ரயில்வே பட்டறையில் எலக்ட்ரீஷியன். ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு என்னை நம்பி வந்தார். ஏலத்தில் எடுத்த மோட்டார், உடைத்த ஜீப்பின் அச்சு, லாரிக்குப் போடும் ஈய பேட்டரி நான்கு. கியர் கிடையாது, சத்தம் கிடையாது, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். நிற்கிற இடத்தில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்துக்கொண்டே நின்றால் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தாலும் வண்டி தன்பாட்டுக்குப் போய் யாரையும் இடிக்காது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் அப்பளக் கம்பெனி நடத்திய ஜானகி அம்மாள் எங்களிடம் மூன்று வண்டி கேட்டிருந்தார். முதல் வண்டி அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மச்சானின் லீவு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஆர்டர் உறுதியானால் ராஜினாமா. இல்லையென்றால் திங்கட்கிழமை காலை சங்கு ஊதும்போது அவர் பொன்மலை கேட்டில் நிற்க வேண்டும், நான் கொட்டகையைப் பூட்ட வேண்டும். ஸ்டெல்லா என்னோடு பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. ரயில்வே வேலையில் இருக்கிற அண்ணனைக் கெடுக்கிறேனாம்.

லாரியில் ஏற்றிப் போகலாம் என்றேன். வாடகை அறுபது ரூபாய். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி செஞ்சவன் வண்டியை வண்டியில ஏத்திட்டுப் போறதா? அந்தம்மா என்ன நெனைக்கும்?"

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மச்சான் பெடல்மேல், நான் பின்னால் பலகையில். மூன்று மாதச் சோதனை ஓட்டத்திலும் அவர் என்னை ஓட்ட விட்டதில்லை. முதலாளி நான், ஆனால் என் வண்டியை நான் ஓட்டியதில்லை. பால்பண்ணை தாண்டி காந்தி மார்க்கெட் நாலு கிலோமீட்டர். சத்தம் வராததால் மார்க்கெட்டில் யாரும் வழிவிடவில்லை. ஹாரன் வைக்க மறந்திருந்தோம். கொட்டகைக்குள் யாருக்கு ஹாரன்? நான் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே வந்தேன். கீரைக்கட்டோடு ஓர் அம்மாள் கேட்காமலேயே ஏறி உட்கார்ந்து, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, "நடந்திருந்தா முன்னாடியே வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். காவிரிப் பாலத்துக்குச் சற்று முன்பு ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"யோவ், என்னய்யா இது? நம்பர் பிளேட்டே காணோம்?"

"சார், இது வண்டி இல்ல சார், மெஷின்" என்றார் மச்சான்.

"மெஷினுக்கு ரோட்டுல என்ன வேலை? தள்ளுவண்டின்னா தள்ளிட்டுப் போ. ஓட்டுறதா இருந்தா நம்பரைக் காட்டு."

தள்ளுவதா? பேட்டரியோடு சேர்த்தால் அரை டன்னுக்கு மேல். மச்சான் என் காதில், "நீங்க பின்னாடி கைய வச்சுகிட்டு வாங்க மாப்ள, நான் மெதுவா விடுறேன்" என்றார். பெடலில் ஆள் நின்றாக வேண்டுமே. அதனால் அவர் மேலே நின்றார், நான் தள்ளுகிறவன் போல மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து போலீஸ்காரரின் குரல் வந்தது: "ஏன்யா, யானை கணக்கா இருக்க, நீ இறங்கித் தள்ளப்படாதா? அந்தக் குச்சி ஆளைப் போட்டு வாட்டுறியே!"

பாலம் முழுவதும் எனக்குச் சிரிப்பு. காவிரியில் தண்ணீர் இல்லை, மணல்தான். மாம்பழச் சாலையில் நான் மறுபடி ஏறிக்கொண்டேன். எட்டு மணிக்கு அப்பளக் கம்பெனிக்குள் நுழைந்தோம். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பேட்டரி பாதிக்கு மேல் மிச்சம் என்று மச்சான் மீட்டரை வைத்துப் பார்த்துச் சொன்னார்.

ஜானகி அம்மாள் வண்டியைச் சுற்றி வந்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். "நன்னாயிருக்கு. அப்பளத்துல உளுந்து வாசனைதான் வரணும், பெட்ரோல் வாசனை வரப்படாது. அதுக்குத்தான் உங்களைத் தேடிப் பிடிச்சேன்." தேய்க்கிற கொட்டகையிலிருந்து காயப்போடும் களம்வரை பெண்கள் தட்டுகளைத் தலையில் சுமந்து நாள் முழுக்க நடப்பார்கள். அந்த நடைக்குத்தான் வண்டி.

மச்சான் களத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அம்மாள் தலையாட்டினார். "சரி, நீங்க இறங்குங்கோ. தனம், நீ ஏறி ஓட்டுடி."

தனம் ஒல்லியான பெண். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு பெடலில் ஏறி நின்றாள். வண்டி அசையவில்லை.

ஒயர் கழன்றிருக்கும் என்று நான் படுத்து அடியில் பார்த்தேன். எல்லாம் சரி. மச்சான் ஏறினார், ஓடியது. தனம் ஏறினாள், நின்றது.

"அண்ணே, இது ஆளைப் பார்த்துத்தான் ஓடும் போலருக்கு" என்றாள் தனம். களத்தில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள்.

"இப்படி மிதிக்கணும்மா, பாரு" என்று நான் ஏறினேன். நாற்பத்தெட்டு கிலோவையும் ஒரே காலில் வைத்து அழுத்தினேன். எனக்கும் அசையவில்லை.

அப்போதுதான் புரிந்தது. பெடலுக்கடியில் நாங்கள் போட்டிருந்தது பழைய லாரி கிளட்ச் ஸ்பிரிங். அதைச் சோதித்ததெல்லாம் தொண்ணூறு கிலோ மச்சான் ஒருவர்தான். தட்டு சுமக்கிறவர்களுக்காக வண்டி செய்தோம், அவர்களில் ஒருவரைக்கூட ஏற்றிப் பார்க்கவில்லை.

ஜானகி அம்மாள் மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டியோட இவரையும் சேர்த்துத் தருவேளோ?"

மச்சான் ஸ்பேனரை எடுத்தார். நான் கடைத்தெருவுக்கு ஓடி, ஒரு சைக்கிள் கடையில் சீட்டுக்கடியில் போடும் ஸ்பிரிங் இரண்டு வாங்கி வந்தேன். மாட்டி முடிக்கப் பதினொன்றாகிவிட்டது. தனம் ஏறினாள். வண்டி அலுங்காமல் கிளம்பியது. அப்பளத் தட்டுகளோடு களத்தைச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள்.

"போறும்டி, இறங்கு."

"இருங்கம்மா, இன்னும் ஒரே ஒரு சுத்து!"

அம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒண்ணை விட்டுட்டுப் போங்கோ. அடுத்த மாசி வரைக்கும் ஓடட்டும். மத்த ரெண்டையும் அப்புறம் பார்ப்போம்."

மூன்று என்று நம்பி வந்த இடத்தில் ஒன்று. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினோம். பாலம் வந்ததும் மச்சான் சொன்னார்: "திங்கக்கிழமை நான் வேலைக்குப் போயிடுறேன் மாப்ள."

"சரி மச்சான்."

"ஷிப்ட் முடிஞ்சு அஞ்சு மணிக்குக் கொட்டகைக்கு வந்துடுவேன். பூட்டிப்புடாதீங்க."

பூட்டவில்லை. பகலில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்தேன், மாலையில் மச்சானோடு வண்டி. மறுவருடம் அம்மாள் மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்டார். பெரிய கம்பெனிகள் இந்தத் தொழிலுக்கு வரும்வரை எங்களுக்கு அந்த வேகமே போதுமாயிருந்தது. எங்கள் வண்டிக்கு ஏற்ற வேகம்தானே.

இனி, இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு. காலை ஏழுக்குள் காந்தி மார்க்கெட்டைத் தாண்டிவிடுங்கள். பாலத்துக்கு ஏறும் இடத்தில் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், பயப்பட வேண்டாம். சத்தமில்லாத வண்டியென்றால் ஹாரன் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கோயிலில் முடியாதவர்களை ஏற்றிப் போகப் பேட்டரி வண்டி இருக்கிறது. முழங்கால் வலிக்காரனான நானும் ஏறியிருக்கிறேன். இரண்டு கிழவர்கள் ஏறியதும் குனிந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தால், அது நானும் மச்சானும்தான்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. கடைக்கு வீட்டில் இருப்பதிலேயே எடை குறைந்தவரைக் கூட்டிப் போய் முதலில் அவரை ஓட்டச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் கொட்டகையில் ஸ்டெல்லா ஏறி ஓட்டாமல் எந்த வண்டிக்கும் பெயிண்ட் அடித்ததில்லை. நாற்பத்திரண்டு கிலோ. என்னோடு மறுபடி பேச ஆரம்பித்ததே, "இந்தப் பெடலு இன்னும் கெட்டியா இருக்கு" என்று சொல்லித்தான்.

மகள் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. போகத் தாங்கியது. திரும்பி வரத் தாங்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டி திரும்பி வரவில்லை.