எடுக்க மறந்த டிக்

கோவில்பட்டியில் கடைகடையாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கைராசிக்காரன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்காக நான் செய்த காரியம் இது.

ஒரு தீப்பெட்டி ஆபீசில் இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் பார்த்தாள். லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், சாயங்காலங்களில் ஆறு மாதம் படித்து அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். ஆர்டர் விலாசங்களைப் பிரவுசிங் சென்டரிலிருந்து பிளாப்பியில் கொண்டுவருவாள். ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலை இரண்டு தட்டுத் தட்டுவாள். பண்டல்களுக்கான விலாசச் சீட்டுகள் வரிசையாக அச்சாகும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் மெஷினைச் சுத்தம் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். செய்தேன். அதோடு, அந்த ஸ்கிரிப்டை எவன் எழுதினான் என்று பார்க்கிற அரிப்பில் நோட்பேடில் திறந்தும் பார்த்தேன். பிறகு சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூசை முடிகிறவரை யாரும் அதைத் தொடவில்லை.

பூசை கழிந்து, வழக்கம்போல முதல் வேலையை முதலாளியே தொடங்கினார். சீட்டு வரவில்லை. நோட்பேடில் ஆங்கில வரிகள்தான் வந்து நின்றன. வாசலில் லாரி காத்துக்கிடந்தது. போனில் கேட்டதுமே, அந்தப் பிள்ளை எதையாவது அமுக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

போய்ப் பார்த்தால், அந்த வகை ஃபைல்களை எப்போதும் நோட்பேடிலேயே திறக்கும்படி பதிவாகியிருந்தது. நான் திறந்த அன்று, ‘எப்போதும் இதிலேயே திற’ என்று அடியில் இருந்த டிக்கை எடுக்காமல் விட்டிருக்கிறேன். பழைய புரோகிராமுக்கே மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சீட்டுகள் வர ஆரம்பித்தன. என்ன கோளாறு என்று முதலாளி கேட்டார். அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

“வைரஸ், அண்ணாச்சி” என்றேன். யார் தலையிலும் விழாத பொய் என்று நினைத்தேன்.

“அப்போ பிளாப்பி கொண்டாந்தது இவதானே. நாளையிலருந்து பழையபடி லேபிள் ஒட்டட்டும்” என்றார் அவர்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒயர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்து சைக்கிளை எடுக்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். கேட்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள்.

“பூசைப் பொரிகடலைண்ணே. மெஷின நீங்கதானே தொடச்சுக் குடுத்தீங்க. ஒங்க பங்க எடுத்து வச்சிருந்தேன்.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.