நாறும் பூவுக்கு விளக்கம் சொன்ன நாட்கள்

நாறும் பூவைப் பற்றி விளக்கம் சொல்லும் வேலைக்குப் போனால், முதலில் மூச்சை அடக்கிக்கொண்டே சிரிக்கப் பழக வேண்டும்.

திருப்பதியில் ஒரு பூங்கா. பல வருடங்களுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும், செத்த எலிபோல நாறும் ராட்சதப் பூ அங்கே மொட்டு விட்டது. தாவரவியல் முடித்திருந்த என்னைப் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லச் சேர்த்தார்கள். பூ வாடும்வரைதான் வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். நகரியில் விசைத்தறி ஓட்டும் என் அப்பா, அதாவது நைனா, நான் வேலை செய்வதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. தற்காலிக வேலை பார்த்திருந்தால் உங்களுக்கும் இந்தப் பதற்றம் புரியும்.

வரிசை

பூ விரிந்த மறுநாள் காலை, மலையிலிருந்து இறங்கி வந்த மொட்டைத்தலைகள், கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். எதற்கு வரிசை என்று ஒருவரும் கேட்கவில்லை. பூவின் அருகில் வந்ததும் ஒரு கை மூக்கைப் பொத்தியது, மறு கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் மகரந்தம், வண்டு என்று ஆரம்பித்தேன். அரக்கோணத்து அம்மாள் ஒருவர் குறுக்கிட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா, பிரசாதம் எங்க குடுக்குறாங்க?"

வெள்ளைப் பொடி

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பூவைச் சுற்றிக் கோலம்போல பிளீச்சிங் பவுடர். நாற்றத்துக்காகவே சந்திரகிரியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு குடும்பம், "நாத்தம் எங்கம்மா?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றது. வாட்ச்மேன் அண்ணனிடம் ஓடினேன். அவர் கை முழுக்க வெள்ளை. "ஜனங்க வந்து போற எடம் பாப்பா, நாறிக்கினு இருந்தா நம்மளத்தானே திட்டுவாங்க?"

பஸ்

சாயங்காலம் நகரி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை புத்தூர் வரை காலியாகவே வந்தது. கண்டக்டர் என் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். "மீன் கூடைய எங்கம்மா வச்சிக்கினு இருக்கே? லக்கேஜ் டிக்கெட் எடு."

நைனா

தறிக்குக் கரண்ட் நின்ற அன்றுதான் நைனாவால் வர முடிந்தது. அதற்குள் பூ சாய்ந்துவிட்டது. நாற்றமும் இல்லை, கூட்டமும் இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்று சூப்பர்வைசர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நைனாவுக்கு எதைக் காட்டுவது?

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கல்லூரிப் பையன்களுக்குப் பக்கத்தில் அவர் கை கட்டி நின்றார். நான் முதலிலிருந்து முழுவதும் சொன்னேன். பையன்கள் பாதியிலேயே நழுவிவிட்டார்கள், நைனா நகரவில்லை. நான் முடித்ததும், வாட்ச்மேன் அண்ணன் காதிலும் விழும்படி கேட்டார்: "மேடம், அடுத்தவாட்டி பூக்கும்போதும் நீங்கதானே சொல்லுவீங்க?"

இப்போது புத்தூரில் ஓர் ஊதுபத்திக் கடையில் இருக்கிறேன். எல்லாம் மணக்கிறது, 'மேடம்' என்று கூப்பிடத்தான் ஆளில்லை.