எஸ்தர் அக்கா சொன்ன இடம்

வியாழக்கிழமை காலை தச்சநல்லூர் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் தங்கை போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா தம்பி. விடியக்கால வீட்ல வச்சு இழுப்பு வந்துச்சு. நிக்கவே இல்ல." பொறுக்கிய தக்காளியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுப் பெண். பாபநாசத்துக்கு மேலே காட்டில் கருங்குரங்குகளின் பின்னால் இருபத்தைந்து வருடம் நடந்தவர். நாலு எட்டு ஏறினால் இளைக்கும் நெஞ்சை வைத்துக்கொண்டுதான் அத்தனை நடையும். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதுவது அயோக்கியத்தனம்.

சின்ன வயதில் அவருடைய இழுப்புக்கு அப்பா லேகியம் வாங்கி ஊட்டியிருக்கிறார். கருங்குரங்கின் கறியைப் போட்டுக் கிண்டிய லேகியம். இன்றும் திருட்டுத்தனமாக விற்கிறது. "பாசமாத்தாம்ல ஊட்டுனாவ. என்னன்னு தெரிஞ்சப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. அதுக்கப்புறம் அதுக்கு வாயவே தொறக்கல" என்றார் ஒருமுறை, பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி.

நான் அப்போது பத்திரிகையில் இருந்தேன். இடம் சொல்லாத செய்தி செய்தியே இல்லை என்பது எங்கள் பாடம். அக்காவோ தன் நோட்டில்கூட இடப்பெயர் எழுதமாட்டார். அவருடன் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்து ஒரு முழுப்பக்கம் எழுதினேன். ஓடையின் பெயர், எந்த வளைவில் இறங்க வேண்டும், எந்தப் பலாமரத்தில் கூட்டம் அடையும், ஒன்றையும் விடவில்லை. பாராட்டு வேறு வந்தது. மூன்றாவது வாரம் அந்தப் பலாமரத்தடியில் உரித்த தோல்கள் கிடந்தன. ஒன்பது இருந்த கூட்டத்தில் இரண்டுதான் மிஞ்சின.

அக்கா மடித்த நாளிதழோடு என் அலுவலகத்துக்கு வந்தார். திட்டட்டும் என்று எழுந்து நின்றேன். "நீ பொய் எழுதியிருந்தா அதுவ பொழச்சிருக்கும்ல" என்று மட்டும் சொன்னார்.

வனத்துறை விசாரணையில், "இடத்தைக் காட்டியது நான்தான், அந்தப் பையன்மேல் தவறில்லை" என்று அவரே எழுதிக் கொடுத்தார். காட்டுக்குள் போக அவருக்கிருந்த அனுமதி மூன்று வருடம் நின்றுபோனது. அந்த மூன்று வருடமும் சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் பாபநாசம் போவார். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நின்று, மலையிலிருந்து வரும் கருங்குரங்கின் கூப்பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்புவார். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பிளாஸ்கிலிருந்து எனக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் ஒரு அண்ணாச்சி என் காதோரம் சொன்னார்: "அந்த லேகியத்த மட்டும் விடாம குடுத்திருந்தா இந்தப் பிள்ள பொழச்சிருக்கும் வே." நல்ல மனிதர், கண் கலங்கித்தான் சொன்னார். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவின் இருபத்தைந்து வருடமும் அந்த வாசல்வரைகூட வந்து சேரவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில், அக்கா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். மிஞ்சிய இரண்டும் வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டன, ஒன்றின் மடியில் செம்பட்டை நிறத்தில் குட்டி இருக்கிறது என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு ஏது? அவராகவே சொன்னார், ஓடை, பாறை, மரம் என்று ஒவ்வொன்றாக. "எனக்கப்புறம் ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கணும்ல."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இந்த அஞ்சலியோடு அவருடைய படம் ஒன்றும், அவர் வேலை செய்த இடத்தின் பெயரும் வேண்டும் என்று நினைவு மலர் தயாரிப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். படத்தை அனுப்பியிருக்கிறேன்.